வல்லை வெளிக்கு அப்பால்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை செல்லும் பெருவீதியில், கோப்பாய், நீர்வேலி வரை செம்மண்ணும் வாழைத் தோட்டங்களும் வழித்துணையாக வருகின்றன. புத்தூரைக் கடந்து வல்லை வெளியை அடைந்தால் உவர்நீரும் காற்றுமே மிச்சம். அவ்வெளிக்கு அப்பால், நெல்லியடிக்கு அண்மையிலுள்ள ஒரு வீட்டுக்கு அண்மையில் சென்றிருந்தோம். கோயில் கும்பிட அன்று. ஒரு பழைய மோட்டார்ச் சைக்கிளின் எஞ்சினைப் பார்க்க என்றால் வாசகர்கள் நகைக்கக்கூடும்.

வண்டி, பி.எஸ்.ஏ. பான்ரம். இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் 1948 இல் பிறந்த வகை. பிறந்த இடம் அதுவாயினும் குலம் ஜேர்மன் குலமே. யுத்தத்தில் தோற்ற ஜேர்மனியிடமிருந்து இழப்பீடாகப் பெற்ற டி.கே.டபிள்யூ. வரைபடங்களை, கண்ணாடியிற் பார்ப்பதுபோல் இடம் வலமாக மாற்றிச் செய்தனர். 123 சி.சி. கொண்ட இவ்விருவீச்சு எஞ்சினுக்கு வால்வுகள் இல்லை. ஆகையால் விறாந்தையிலேயே கழற்றிப் பூட்டிவிடலாமென்று நம் நண்பரும் துணிந்துவிட்டார்.

வண்டி அவருடைய தந்தையாருடையது. ஆசிரியரான அப்பெரியார் அதிலேயே பாடசாலைக்குச் சென்றுவந்தார். 1990களில் வடக்கிற்குப் பெற்றோல் வருவது தடுக்கப்பட்டபோது, சில துளி பெற்றோலை விட்டு உதைத்துக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார். குடாநாடெங்கும் அன்று அதுவே வழக்கம். ஒருநாள் பிஸ்ரன் இறுகி நின்றது. வண்டி கொட்டிலுக்குள் போயிற்று.

எஞ்சினைத் திறந்தபோது புகைக்கரி அடையாய்ப் படிந்திருந்ததாம். சிலிண்டரின் அடியிலே கடதாசிக் காஸ்கெற்றுக்குப் பதிலாக, அப்பியாசக் கொப்பியின் மட்டை அளவாக வெட்டி இடப்பட்டிருந்தது. எண்ணெயில் ஊறிய அம்மட்டையில் ஒரு மாணவனின் வகுப்பு இலக்கம் இன்னும் தெரிகிறது!

நண்பர் முதன்முறை பூட்டியபோது எஞ்சின் கிளம்பவில்லை. எட்டு நாட்கள் உதைத்தார். முழங்கால் வீங்கியதே பலன். இவ்வகை எஞ்சினில் பெற்றோலும் காற்றும் முதலில் அடிப்பெட்டிக்குள் இழுக்கப்பட்டு அமுக்கப்பட்ட பின்னரே மேலே செல்லும். தண்டின் ஓரத்திலுள்ள ஓயில் சீல்கள் தளர்ந்தால் அந்த அமுக்கம் கசிந்துவிடும். பழைய சீல்களையே சிக்கனம் கருதித் திரும்பப் போட்டிருந்தார். மறுபடி கழற்றினார். அலுமினியப் பெட்டியை இடியப்பப் பானையின் ஆவியில் சூடாக்கிப் புதிய பேரிங்குகளை இறக்கினாராம். அலுமினியம் உருக்கிலும் அதிகம் விரிவதால் அவை எளிதில் அமர்ந்துகொள்ளும். பானை இனிச் சமையலுக்கு உதவாதென்று வீட்டு அம்மையார் நம்மிடம் முறையிட்டார். அவர் பக்கமே நியாயம். தண்டை அமுக்கிப் பிரித்துச் சேர்க்கும் வேலை மட்டும் கடைச்சற் பட்டறையில் நடந்தது. எல்லாம் வீட்டிலேயே செய்தோமென்று பெருமை பேசுவோர் இதைச் சொல்வதில்லை.

நாம் சென்ற அன்று மாலை மீண்டும் உதைத்தார். பார்வை மங்கிய பெரியவர் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி, “தம்பி, ஓயில் அளவாய் விட்டாயோ?” என்று கேட்டார். “விட்டேன், ஐயா.” நான்காவது உதையிற் கிளம்பிற்று. நீலப்புகை விறாந்தையை நிறைத்தது. பெரியவர் சற்று நேரம் செவிகொடுத்திருந்தார்.

“மண்ணெண்ணெய் மணக்கவில்லை” என்றார். பின்னர் அந்தக் கொப்பி மட்டையைத் தேடி எடுத்துத் தரும்படி மகனிடம் கேட்டார்.