ஆயிரம் மடங்கு

அப்பாவின் இசைத்தட்டுகள் சூறாவளிக்குத் தப்பின. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு ஓடுகள் பறந்தபோது அம்மா நெல் மூட்டைகளைக் காப்பாற்ற ஓடினா. அப்பா தட்டுப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளி, றபர் சீற்றால் மூடி, அதன்மேல் தானே குந்திக்கொண்டார். 2004இல் கடல் வந்தது. எங்கள் வீடு மட்டக்களப்பில், கல்லடி உப்போடையில் வாவிப் பக்கம் என்பதால் முற்றத்துக்கு வந்த தண்ணீர் படியேறவில்லை. இரண்டுக்கும் தப்பிய அந்தத் தட்டுகளில் 23ஐ 2023இல் நானே என் கையால் இல்லாமல் ஆக்கினேன். ஒரு பெட்டி வாங்கியதால் வந்த வினை.

நான் வேலை பார்த்தது கச்சேரியில். பாட்டுக் கச்சேரி அல்ல, ஒல்லாந்தர் கோட்டைக்குள் இருந்த அரசாங்கக் கச்சேரி. பென்சன் எடுத்த பிறகுதான் அப்பாவின் தட்டுகளைத் தூசி தட்டினேன். தூசி என்பது மரியாதைக்குச் சொல்வது. வாவிக்கரை ஈரத்தில் தட்டுகளில் வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. சவர்க்காரத் தண்ணீரில் மெதுவாகக் கழுவினால் போய்விடும். (78 சுற்று அரக்குத் தட்டுகளில் மட்டும் ஸ்பிரிட் படக்கூடாது. அரக்கு கரையும்.) கொழும்பில் ஒரு பழைய ஜப்பான் டேர்ண்டேபிள் கிடைத்தது. அதற்கு ஓடியோ-டெக்னிக்காவின் ஊசி பொருத்திய வி.எம். 95 ஈ காட்ரிட்ஜ் ஒன்று போட்டேன்.

அம்பிளிபயரில் 'போனோ' என்று எழுதிய துளை இல்லை. சீடி வந்த பிறகு செய்தவற்றில் பலதிலும் அது இல்லை. சீடி பிளேயர் வெளியே விடுவது 2 வோல்ட். என் காட்ரிட்ஜ் தருவது 4 மில்லிவோல்ட், அதாவது ஐந்நூறில் ஒரு பங்கு. அதை அப்படியே அம்பிளிபயருக்குக் கொடுத்தால் பக்கத்து வீட்டில் யாரோ குசுகுசுப்பது போலத்தான் கேட்கும். சத்தம் மட்டும் பிரச்சினை என்றாலும் பரவாயில்லை. தட்டு வெட்டும்போதே தாழ்ந்த ஓசைகளை அடக்கி, உச்ச ஓசைகளைத் தூக்கித்தான் வெட்டுகிறார்கள். மிருதங்கத்தின் தொப்பியை உள்ளபடி வெட்டினால் பள்ளம் அகலமாக ஆடி, பக்கத்துப் பள்ளத்தை இடித்துவிடும். உச்ச ஓசைகளைத் தூக்காமல் விட்டால் தட்டின் இரைச்சலுக்குள் அவை அமுங்கிவிடும். ஆளுக்கொரு கணக்கில் வெட்டிக்கொண்டிருந்த கம்பனிகளை 1954இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில்துறைச் சங்கம் ஒரே கணக்குக்குக் கொண்டுவந்தது. ஆர்.ஐ.ஏ.ஏ. வளைகோடு என்று அதற்குப் பெயர். 20 ஹேர்ட்ஸில் ஏறத்தாழ பத்தில் ஒன்றாகக் குறைத்ததையும், 20,000 ஹேர்ட்ஸில் பத்து மடங்காகக் கூட்டியதையும் திருப்பி நேராக்க வேண்டும். ஊசி தருவதைப் பெருக்குவதும் இந்தக் கோணலை நிமிர்த்துவதும்தான் போனோ பெட்டியின் வேலை. வேறொன்றும் இல்லை.

இந்த வேலையை ஒரு சின்னப் பிளாஸ்டிக் பெட்டி செய்துகொண்டுதான் இருந்தது. கொஞ்சம் முனகும். பாட்டு நன்றாகவே கேட்கும். எனக்கு அது போதவில்லை. கனடாவில் இருக்கும் மருமகனிடம் நல்லதாக ஒன்று அனுப்பச் சொன்னேன். "என்ன ஊசி மாமா போட்டிருக்கிறீங்க? அதைச் சொன்னாத்தான் பார்த்து வாங்கலாம்" என்று அவன் கேட்டான். சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவு விலை கூடிய ஊசி இல்லையே. "எல்லா ஊசிக்கும் பொருந்துறதா அனுப்பு" என்றேன். ரூபாய் விழுந்து கிடந்த காலம். பெட்டிக்குப் போனது என் இரண்டு மாதப் பென்சன். மனைவியிடம் மருமகன் சும்மா அனுப்பினான் என்று சொல்லிவைத்தேன்.

கனமான உலோகப் பெட்டி. வயர்களை மாட்டி, மண் வயரைத் திருகி, தட்டைப் போட்டேன். முனகல் போய்விட்டது. ஆனால் சத்தம் பழைய பெட்டியின் அதே அளவுதான். இரண்டு மாதப் பென்சனுக்கு அதே சத்தமா? பெட்டியைக் கவிழ்த்தால் அடியில் அரிசி மணியளவில் சுவிச்சுகள். 40 டெசிபல் எம்.எம்., 60 டெசிபல் எம்.சி. என்று எழுதியிருந்தது. எம்.சி. என்பது பெரிய ஆட்களின் ஊசி என்று எங்கோ வாசித்த ஞாபகம். அப்படியானால் 60தான் மேல்வகுப்பு. நகத்தால் தள்ளினேன். சத்தம் வீட்டைத் தூக்கியது. வொலியுமைக் கடுகளவு திறந்தாலே போதும் என்று ஆனது. பெட்டியின் பலத்தைப் பார், என்று பூரித்துப்போனேன்.

டெசிபல் ஏணியில் 40 என்றால் நூறு மடங்கு. 60 என்றால் அதைவிட ஒன்றரைப் பங்கு என்று கச்சேரிக் குமாஸ்தா மூளை கணக்குப் போட்டது. உண்மையில் அது ஆயிரம் மடங்கு. எம்.சி. ஊசிகளில் பல அரை மில்லிவோல்ட்டுக்கும் குறைவாகத் தருபவை. அவற்றுக்குத்தான் ஆயிரம் வேண்டும். என் ஊசி எம்.எம். வகை. அதன் 4 மில்லிவோல்ட் என்பது நடுத்தரமான சத்தத்துக்குரிய அளவு. நாதஸ்வரம் ஓங்கும் இடத்தில் அது ஒரு கணத்துக்கு நாலைந்து மடங்காக எகிறும். 20 மில்லிவோல்ட் ஆயிரம் தடவை பெருகினால் 20 வோல்ட். அந்தப் பெட்டிக்குள் அவ்வளவு வோல்ட் கிடையாது. அலையின் தலையை வெட்டிவிட்டு மிச்சத்தைத் தரும். காதுக்கு அது கிழிந்த சத்தமாக வரும்.

இன்னொரு வரிசைச் சுவிச்சும் இருந்தது, ஊசிக்கு எதிரே நிற்கும் தடையை மாற்றுவதற்கு. அது 47,000 ஓமில் இருந்தது, புரியாததால் தொடவில்லை. அதையும் எம்.சி.க்குரிய 100 ஓமுக்குத் தள்ளியிருந்தால் பாட்டுப் போர்வைக்குள் போய்ப் படுத்திருக்கும், அன்றைக்கே பிழை பிடிபட்டிருக்கும். பாதிப் பிழை செய்தவனுக்குத்தான் அது பிழை என்று தெரிவதில்லை.

மனைவிக்குத் தெரிந்தது. "இந்தப் பெட்டி வந்த நாளையிலருந்துதான் பாட்டு கிழியுது" என்று குசினிக்குள் இருந்தே சொன்னா. நான் சிரித்தேன். மலிவான கருவி தட்டின் குறையை மறைக்கும், உயர்ந்த கருவி உள்ளதை உள்ளபடி காட்டிக்கொடுக்கும் என்று ஒரு தத்துவம் உண்டு, இந்தக் கிறுக்குப் பிடித்தவர்கள் எல்லோரிடமும். அதை அவவுக்கு விளக்கினேன். கிழிவது பாட்டல்ல, தேய்ந்த தட்டு. இவ்வளவு நாளும் நமக்கு அது தெரியாமல் இருந்தது. அவ மீன் அரியப் போய்விட்டா.

பிறகு ஒரு வாரம் தட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுத் தேர்வு வைத்தேன். கிழியாதவை ஒரு பக்கம், கிழிபவை ஒரு பக்கம். இதில் உள்ள கொடுமை எனக்குப் பின்னால்தான் உறைத்தது. ஓங்கி, உயிரோடு வெட்டிய தட்டுகள்தான் அந்த ஆயிரம் மடங்கில் அதிகம் கிழியும். மங்கலாக, பயந்து பயந்து வெட்டியவை தப்பிவிடும். ஆக, அப்பாவின் சேகரிப்பில் ஆகச் சிறந்ததாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்து ஒதுக்கியிருக்கிறேன். தெரிந்தவர் ஒருவர் பாசிக்குடாப் பக்கத்து ஹோட்டல் ஒன்றுக்குச் சுவர் அலங்காரம் செய்துகொண்டிருந்தார். தேய்ந்த தட்டுதானே, கொண்டு போங்கோ என்றேன். காசு வாங்கவில்லை என்பதில் அப்போது எனக்கு ஒரு பெருமை.

ஒன்றை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை. 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை', எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் ஒன்றையொன்று துரத்தும் அந்தப் பாட்டு. குரல் வரும் இடங்களில் பிழையில்லை. நாதஸ்வரம் மேலே ஏறியதும் தகரத்தைக் கிழிப்பது போல இருக்கும். அப்பா அதிகம் போட்டுத் தேய்த்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவின் கூட்டாளி ஒருவர், பழைய மைக்செட்காரர், கலியாணக் கடிதம் கொடுக்க வந்தார். எண்பதைத் தாண்டிய மனிசன். ஒரு காலத்தில் மாமாங்கத் திருவிழா, கலியாணம் என்று தென்னையில் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்டவர். அந்தக் காலத்து மைக்செட் ஊசி பெரும்பாலும் கிறிஸ்டல், செரமிக் வகை. நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட் தானே கொடுக்கும், போனோ பெட்டி என்ற ஒன்றே அதற்கு வேண்டாம். பாரத்தை அழுத்தி வைத்துத் தட்டை உழுதுவிடும் என்பது வேறு கதை. பெருமைக்கு அந்தப் பாட்டைத்தான் போட்டேன். தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பி வந்தார்.

"என்ன மனே, வொலியுமைக் கடுகளவு திறந்து வெச்சிருக்காய்?"

"பெட்டி பலமானது மாமா. தட்டுத்தான் தேஞ்சு போச்சு."

அவர் பதில் சொல்லவில்லை. அம்பிளிபயரை நிற்பாட்டினார். தட்டைச் சுற்ற விட்டு ஊசியை வைத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, காதை ஊசிக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டுபோனார். என்னையும் குனியச் சொன்னார். எறும்பளவு நாதஸ்வரம். மின்சாரம் இல்லை, ஸ்பீக்கர் இல்லை, பள்ளத்தில் உரசும் ஊசி தானே பாடியது.

சின்ன வயதில் ஒரு பூரணை இரவில் அப்பா என்னைத் தோணியில் கல்லடிப் பாலத்தடிக்குக் கூட்டிப்போனார். துடுப்பைத் தண்ணீருக்குள் நிற்கவைத்து, மேல் நுனியில் என் காதை வைத்து அழுத்தினார். மீன் பாடுகிறதோ, ஊரி பாடுகிறதோ, இன்று வரைக்கும் நம்முடைய ஊரில் வழக்குத் தீரவில்லை. மெல்லிய கம்பியை மீட்டியது போல ஒன்று மரத்தின் வழியே ஏறி வந்தது. 1848இல் இங்கே வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட், தோணியின் மரத்தில் காதை வைத்தபோது ஓசை கூடியதை எழுதி வைத்திருக்கிறார். இவ்வளவும் தெரிந்த ஊரில் பிறந்தவன், ஊசியில் காது வைத்துப் பார்க்கத் தோன்றாமல் பெட்டியின் விலையில் காது வைத்திருந்தேன்.

நாதஸ்வரம் ஏறும் இடம் வந்தது. ஏறியது. இறங்கியது.

"இஞ்ச கிழியல்லையே மனே" என்றார். "தட்டுத் தேஞ்சிருந்தா இஞ்சயும் கிழிய வேணும். மறுகா எங்க கிழியுது?"

பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினேன். எழுத்து அவருக்குத் தெரியவில்லை, வாசித்துச் சொன்னேன். முற்றத்து விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கை முறித்து வந்து, 60இல் இருந்ததை 40க்குத் தள்ளினார். வொலியும் பாதிவரைக்கும் ஏறியது. ஜானகி பாடினா, காருகுறிச்சியார் பின்னாலேயே போனார், முன்னால் போனார், எதுவும் கிழியவில்லை. மனைவி குசினிக் கதவடியில் வந்து நின்றா. ஒன்றும் சொல்லவில்லை.

இன்றைக்கு யாராவது என்னிடம் எந்தப் பெட்டி வாங்கலாம் என்று கேட்டால், என்ன ஊசி, என்ன தட்டு என்று திருப்பிக் கேட்கிறேன், மருமகன் என்னைக் கேட்டது போலவே. எம்.எம். ஊசி என்றால் 40 டெசிபலை ஒட்டிய பெட்டி போதும், எம்.சி. வசதிக்குக் கொடுக்கும் காசு வீண். என் காட்ரிட்ஜுக்கு 100 முதல் 200 பிக்கோபராட் கொள்ளளவம் என்று அதன் கடதாசியிலேயே இருந்தது. நீளமான வயர் அந்தக் கணக்கைத் தின்றுவிடும், ஆகவே வயர் குட்டையாக இருக்கட்டும். நம்மிடம் உள்ள பழைய தட்டுகளில் பாதிக்கு மேல் மோனோ. மோனோ பள்ளம் பக்கவாட்டில் மட்டும் ஆடும். ஸ்டீரியோ ஊசி மேலும் கீழுமாகத் துள்ளும் தூசியையும் பூஞ்சணக் குழியையும் சேர்த்தே படிக்கும். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்க்கும் மோனோ பொத்தான் இருந்தால் அந்தத் துள்ளல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கும். பளபளக்கும் முகப்பைவிட அந்த ஒரு பொத்தானுக்கு நான் காசு கொடுப்பேன். என்னுடைய விலையுயர்ந்த பெட்டியில் அது இல்லை. 78 சுற்றுத் தட்டுக்கு ஊசியின் நுனியே வேறு, வளைகோடும் வேறு. அந்த ஆசை இருப்பவர்கள் முதலில் ஊசி தேடட்டும். கல்லடி போல ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் உள்ள இடமென்றால் இன்னொன்று: வயர் மாட்டும் பித்தளையெல்லாம் பச்சை பிடிக்கும். மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைக்காவிட்டால் எந்தப் பெட்டியும் முனகும், உறுமும்.

அடுத்த வாரம் பஸ் ஏறிப் பாசிக்குடா போனேன். வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருந்தது சுவர். 23 தட்டுகளையும் வட்டமாக அடுக்கிப் பசையால் ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய பிறகு எல்லாவற்றிலும் தங்கப் பூச்சு விசிறியிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது. வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தா. அவ போகும்வரை காத்திருந்து கிட்டப் போனேன். ஒரு தட்டின் நடுக் கடதாசியில் பூச்சு சரியாகப் படவில்லை. அப்பாவின் கையெழுத்தில் பெயரின் முதல் எழுத்து, நீல மை. பள்ளத்தில் நகத்தை வைத்து மெதுவாகச் சுரண்டினேன். பூச்சு நகத்துக்குள் வந்தது, பள்ளத்துக்குள்ளும் இருந்தது.

"சேர், றூம் பார்க்கவா வந்தீங்க?" என்று பின்னாலிருந்து ஒரு பொடியன் கேட்டான்.

இரவு சோறு போடும்போது மனைவி என் நகத்தைப் பார்த்துவிட்டா. எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியை மருமகன் சும்மா அனுப்பவில்லை, இரண்டு மாதப் பென்சன் என்பதையும் சொன்னேன். காசைப் பற்றி அவ எதுவும் கேட்கவில்லை.

"எத்தனை தட்டு?" என்று மட்டும் கேட்டா.