இரு பக்கமும் கைகோத்த பெட்டி

ரயில் என்றதும் நம் நினைவுக்கு வருவது எஞ்சின். அடுத்து ஜன்னலோர இருக்கை. ஒரு பெட்டியை மற்றொரு பெட்டியோடு பிணைக்கும் கொக்கியை யாரும் நினைப்பதில்லை. அந்தக் கொக்கி இல்லையேல் எஞ்சின் மட்டும் ஊர் போய்ச் சேரும். நாம் நின்ற இடத்திலேயே நிற்போம்! இந்த எளிய உண்மையை நான் கற்றது நிஜ ரயிலில் அன்று, எங்கள் வீட்டுக் கூடத்தில் ஓடும் பொம்மை ரயிலில்.

என் தாத்தா ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆஸ்திரேலியாவில் குடியேறப் புறப்பட்ட ஆங்கிலோ-இந்திய டிரைவர் ஒருவர், தம் பிள்ளைகள் விளையாடிய ‘ஹார்ன்பி டப்ளோ’ ரயிலைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். ஓர் எஞ்சின், ஆறு சரக்குப் பெட்டிகள். இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில், பின்ஸ் ரோடு என்ற இடத்திலிருந்த மெக்கானோ தொழிற்சாலையில் உருவானவை. நிஜ வண்டியில் எழுபத்தாறில் ஒரு பங்கு அளவு. தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். டப்ளோ ரயில் 1938-இல் முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோது அதற்கு மூன்று தண்டவாளங்கள்; 1959 முதல் இரண்டு தண்டவாளத்தில் ஓடும் வகையும் வந்தது. எங்களுடையது இந்த இரண்டாம் வகை.

சென்ற கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு லண்டனிலிருக்கும் மாமா என் தம்பிக்குப் புதிய ஹார்ன்பி ரயில் ஒன்றை அனுப்பினார். ஓர் எஞ்சின், மூன்று சரக்குப் பெட்டிகள், கடைசியில் ஒரு கார்டு வண்டி. தண்டவாள அகலம் ஒன்றே; 12 வோல்ட் மின்சாரமும் ஒன்றே. இரண்டையும் சேர்த்து நீண்டதொரு ரயில் விடலாம் என்று துள்ளினோம். ஆனால் கொக்கிகள் சேரவில்லை!

காரணத்தைப் பின்னர் ஒரு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். டப்ளோவின் கொக்கிகள் ஒன்றையொன்று பக்கவாட்டில் பற்றிக்கொள்பவை. அதன் போட்டியாளரான ‘டிரை-ஆங்’ ரயிலிலோ, ஒவ்வொரு முனையிலும் குறுக்கே ஒரு கம்பியும், கீழே ஒரு கொக்கியும் இருக்கும். ஒன்றின் கொக்கி மற்றதன் கம்பியின் மேலேறி விழும்; இழுக்க இழுக்க இறுகும். 1964-இல் டிரை-ஆங்கின் உரிமையாளர்கள் மெக்கானோ நிறுவனத்தை வாங்கினார்கள். ஹார்ன்பி என்ற பெயர் தப்பிப் பிழைத்தது. டப்ளோவின் கொக்கி பிழைக்கவில்லை. இன்றைய ஹார்ன்பி ரயில்களில் இருப்பது அந்த டிரை-ஆங் கொக்கியின் வழிவந்ததே.

தம்பி உடனே தீர்ப்புக் கூறிவிட்டான். “பழசையெல்லாம் பரணில் போட்டுடலாம்!”

நான் தாத்தாவைப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. மெல்லச் சிரித்துவிட்டு, “பரணுக்குப் போக வேண்டாம். ஆறு பெட்டியிலும் பழைய கொக்கியை வெட்டி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டிடுங்க. நாளைக்கு ஓட்டப் போறது நீங்கதானே? எனக்காக ஒன்றும் பார்க்க வேண்டாம்” என்றார்.

அந்தக் கடைசி வார்த்தை என்னைச் சுட்டது. அவர் பேசியது கொக்கியைப் பற்றி மட்டுமா? சில மாதங்களாக அவர் கைகள் நடுங்குகின்றன. எஞ்சினைத் தூக்கித் தண்டவாளத்தில் வைக்கக்கூட எங்களைத்தான் கூப்பிடுகிறார். வீட்டில் எதைக் கேட்டாலும், “உங்க இஷ்டம்” என்று ஒதுங்கிக்கொள்கிறார். பழைய கொக்கிகளை வெட்டினால் ரயில் ஓடும், சந்தேகமில்லை. ஆனால் வெட்டியதை ஒட்டவைக்க முடியாது. பின்ஸ் ரோடு தொழிற்சாலை 1979-இலேயே மூடப்பட்டுவிட்டது.

“தாத்தா, நிஜ ரயிலில் இப்படிச் சங்கடம் வந்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன்.

அவ்வளவுதான்! சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். நம் நாட்டுப் பயணப் பெட்டிகளில் வெகுகாலம் இருந்தது திருகுக் கப்ளிங். இரு பெட்டிகளின் நடுவே ஆள் நுழைந்து, கனத்த இரும்பு வளையத்தைத் தூக்கி மாட்டித் திருக வேண்டும். பிறகு ஜெர்மன் வடிவமைப்பிலான எல்.எச்.பி. பெட்டிகள் வந்தன. அவற்றின் நடுவில் இருக்கும் கப்ளிங், மடங்கிய விரல்கள் கோத்துக்கொள்வதுபோலத் தானே பூட்டிக்கொள்ளும். 1873-இல் அமெரிக்கரான எலி ஜேனி காப்புரிமை பெற்ற வடிவத்தின் வாரிசு அது. பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 2018-இல் தன் பழைய வகைப் பெட்டிகளைக் கட்டுவதையே நிறுத்திவிட்டது. ஆயினும் முன்பே கட்டியவை ஓடிக்கொண்டுதானே இருக்கும்?

“அப்புறம் எப்படி இரண்டையும் ஒரே எஞ்சின் இழுக்கும்?”

“எஞ்சினிலே இரண்டு விதமும் வைத்தோம், அம்மா! புதுப் பெட்டி வந்தால் இது, பழைய பெட்டி வந்தால் அது.”

ஜப்பானியர் வேறு வழி கண்டார்கள் என்றும் தாத்தா கூறினார். புதிய கப்ளிங்குகளை முன்கூட்டியே ஒவ்வொரு வண்டியின் அடியிலும் தொங்கவிட்டு ஓட்டினார்களாம். 1925-ஆம் ஆண்டு ஜூலை 17 அன்று, தங்கள் பெருந்தீவான ஹோன்ஷுவில், ஒரே நாளில் எல்லாச் சரக்கு வண்டிகளிலும் மாற்றிவிட்டார்களாம்! தொழிலாளர் உயிரைக் காக்கச் செய்த அருஞ்செயல் அது. ஆனால் எங்கள் ரயிலில் யார் உயிருக்கும் ஆபத்தில்லையே! எஞ்சினின் வழியே எங்களுக்கு ஏற்றது என்று பட்டது.

தாத்தாவின் ஆறு பெட்டிகளில் ஒன்றுக்கு ஒரு முனைக் கொக்கி என்றோ முறிந்து போயிருந்தது. பின்னால் எதையும் மாட்ட முடியாததால் அது எப்போதும் கடைசியிலேயே தொங்கும். அதையே எடுத்துக்கொண்டோம். ஒரு முனையில் பழைய கொக்கி அப்படியே இருக்கட்டும். முறிந்த முனையில் புதியது வரட்டும்!

“கண்ணும் கையும் உன்னுடையது, கணக்கு என்னுடையது” என்றார் தாத்தா. ரிவெட்டின் மிச்சத்தைக் கை டிரில்லால் துளைத்து எடுத்தேன். மாமா அனுப்பியவற்றில் உபரியாக இருந்த கொக்கியைச் சிறு திருகாணியால் பொருத்தினேன். ஆனால் அது தாழ்ந்து தொங்கியது. தாத்தா ஒரு கண்ணாடிப் பலகையைக் கொண்டுவரச் சொன்னார். அதன்மேல் புதிய பெட்டியையும் இதையும் எதிரெதிரே நிறுத்தி, குறுக்குக் கம்பிகள் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று பார்க்கச் சொன்னார். மெல்லிய வாஷரை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டு மூன்று முறை சரிசெய்தேன். கொக்கி மிக உள்ளே போனால் வளைவில் பெட்டிகளின் முனைகள் முட்டிக்கொண்டு தடம் புரளும். மிக வெளியே நீண்டால் நடுவில் அசிங்கமாக இடைவெளி விழும். எங்கள் தண்டவாள வட்டத்தின் ஆரம் 438 மில்லிமீட்டர். அதில் முன்னே இழுத்தும் பின்னே தள்ளியும் சோதித்த பிறகே தாத்தா தலையசைத்தார்.

அன்று மாலை தாத்தாவின் எஞ்சின் முன்னே நின்றது. அதன் பின் ஐந்து பழைய பெட்டிகள். பிறகு எங்கள் இருமுனைப் பெட்டி. அதன் பின் தம்பியின் மூன்று பெட்டிகளும் கார்டு வண்டியும். கட்டுப்பாட்டுக் குமிழைத் தம்பி தானாகவே தாத்தாவின் கையில் கொடுத்தான். நடுங்கும் விரல்களால் அவர் அதைத் திருப்ப, ரயில் முழுவதும் ஒரே உடலாய் வளைவில் திரும்பியது. நேற்றுவரை கடைசியில் தொங்கிய பெட்டி இன்று நடுநாயகமாகப் போயிற்று!

இதில் நாங்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. அந்த இரு நிறுவனங்களும் இணைந்தபோது, ஒரு முனையில் டப்ளோ கொக்கியும் மறுமுனையில் டிரை-ஆங் கொக்கியும் கொண்ட இணைப்புப் பெட்டியை அவர்களே விற்றார்கள் என்று அதே புத்தகத்தில் படித்தேன்.

தோழியரே! நம் ஒவ்வொரு வீட்டிலும் அப்படியொரு பெட்டி உண்டு. தாத்தா சொல்வதைத் தம்பிக்குப் புரியும்படியும், தம்பி கேட்பதைத் தாத்தாவின் மனம் நோகாதபடியும் எடுத்துச் சொல்பவர் எங்கள் அம்மா. இரு பக்கத்து இழுப்பையும் தாங்குவது அவர்தான். ஆனால் அவரை யாரும் கவனிப்பதில்லை. பழையவர்கள் தங்களை வெட்டிக்கொண்டு நமக்குப் பொருந்த வேண்டும் என்று கேட்பது எளிது. அவர்களும் அன்பினால் சம்மதித்துவிடுவார்கள், அதுதான் வேதனை! நாம் ஒருவர் நடுவில் நின்று இரு பக்கமும் கை நீட்டினால் போதும், யாரும் பரணுக்குப் போக வேண்டியதில்லை. அந்த இடத்தில் நிற்கும் மனத்தை இறைவன் நமக்குத் தருவாராக!

– 11-ஆம் வகுப்பு மாணவி