இரண்டாயிரம் முக்கோணங்களும் ஒரு உருளையும்

பொறியியல் மாணவர்களிடம் ஃபைனைட் எலிமென்ட் பற்றிக் கேட்டால் முதலில் வரும் பதில், "மெஷ்ஷைப் பொடிசாக்கினால் விடை சரியாக வரும்" என்பதுதான். வைவாவில் இதைச் சொல்லித் தப்பித்தவர்கள் ஏராளம். இது பாதி உண்மை. மீதிப் பாதியை 1880 வாக்கிலேயே ஹெர்மன் ஷ்வார்ட்ஸ் என்ற ஜெர்மானியக் கணித அறிஞர் காட்டிவிட்டார். அப்போது கம்ப்யூட்டரும் கிடையாது, மெஷ்ஷும் கிடையாது.

ஆரம் 1, உயரம் 1 உள்ள ஒரு உருளையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வளைபரப்பு 2π, அதாவது 6.28. பள்ளிக்கூடக் கணக்கு. இதையே முக்கோணங்களை ஒட்டியும் அளக்கலாம். உயரத்தைச் சமமான பட்டைகளாகப் பிரித்து, பட்டைகள் சந்திக்கும் ஒவ்வொரு வட்டத்திலும் 10 புள்ளிகள் வைக்க வேண்டும். ஒரு வட்டத்துக்கு அடுத்ததில் புள்ளிகளை அரை இடைவெளி தள்ளி வைத்து, எல்லாவற்றையும் முக்கோணங்களாக இணைக்க வேண்டும். அத்தனை முனைகளும் உருளையின் மேலேயே இருக்கின்றன, ஒன்றுகூட விலகவில்லை.

பட்டைகள் 10 என்றால் 200 முக்கோணங்கள், பரப்பு 6.88. பரவாயில்லை. பட்டைகளை 100 ஆக்கினால் 2000 முக்கோணங்கள். இப்போது பரப்பு 30.87! பத்து மடங்கு உழைத்து, ஐந்து மடங்கு தப்பான விடை. வட்டத்தில் n புள்ளிகள், உயரத்தில் n² பட்டைகள் என்று கூட்டிக்கொண்டே போனால் விடை 31.64 பக்கம் போய் நிற்கும். n³ பட்டைகள் என்றால் நிற்கவே நிற்காது, முடிவிலிதான்.

காரணம் ரொம்ப எளிது. பட்டைகள் குறுகக் குறுக முக்கோணங்கள் உருளையோடு ஒட்டி நிற்காமல், மடித்த காகித விளக்கைப் போல உள்ளே சாய்ந்து படுத்துவிடுகின்றன. வெளிப்பக்கம் பார்க்க வேண்டிய முகம் மேலும் கீழும் பார்க்கிறது. புள்ளிகள் சரியான இடத்தில் இருந்தால் போதாது, சாய்வும் சரியாக இருக்க வேண்டும்.

இன்றைய மென்பொருள்கள் தட்டையான முக்கோணத்தோடு நிற்பதில்லை. 1960களின் நடுவில் புரூஸ் அயன்ஸ் போன்றவர்கள் வளர்த்த ஐசோபாராமெட்ரிக் முறையில், ஒரு சாதாரணச் சதுரத்தை வளைத்து நெளித்துப் பரப்பின் மேல் பொருத்துகிறார்கள். தொகையீடு அந்தச் சதுரத்தில்தான் நடக்கும், காஸ் 1814-ல் கொடுத்த புள்ளிகளை வைத்து. -1 முதல் 1 வரை உள்ள கோட்டில் ±0.577 என்ற இரண்டே இடங்களில் மதிப்பெடுத்துக் கூட்டினால், மூன்றாம் படி வரையுள்ள எந்தப் பல்லுறுப்புக் கோவைக்கும் துல்லியமான விடை வந்துவிடும். உண்மையிலேயே அழகான கண்டுபிடிப்பு.

ஆனால் பரப்பளவு பல்லுறுப்புக் கோவை அல்ல. இரண்டு தொடுகோட்டு வெக்டர்களைக் குறுக்குப் பெருக்கல் செய்து அதன் நீளத்தை எடுக்க வேண்டும். நீளம் என்றாலே வர்க்கமூலம் வந்துவிடும், அதற்குக் காஸ் புள்ளிகள் தோராயம்தான். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சீரான அழுத்தம் தரும் விசைக்கு நீளம் எடுக்க வேண்டியதில்லை, அந்த வெக்டரே போதும். அதனால் அந்த விசை சரியாகவே வரும். ஷ்வார்ட்ஸின் மடிப்பு உருளையில்கூட, பாதி உருளையின் மேல் அழுத்தம் தரும் மொத்த விசை சரியான மதிப்பையே நெருங்கும். அதே மெஷ்ஷில் காற்றுக்குப் போகும் வெப்பத்தைக் கணக்கிட்டால் ஐந்து மடங்கு காட்டும். ஒரு சோதனையில் பாஸான மெஷ் இன்னொன்றில் ஃபெயில்!

இன்னொரு சங்கடமும் உண்டு. காஸ் புள்ளிகள் எலிமென்ட்டின் உள்ளே இருப்பவை. மூலை ஒன்று மடங்கிப்போய் ஜேக்கோபியன் அங்கே எதிர்க்குறி ஆனாலும், உள்ளே இருக்கும் புள்ளிகளை மட்டும் பார்த்தால் அது தெரியாமலே போகலாம்.

எலிமென்ட்டின் வடிவம் ஏட்டுக் கணக்கோடு முடியும் விஷயம் இல்லை. நார்வேயின் ஸ்லைப்னர் ஏ எண்ணெய் மேடைக்கு, 24 கான்கிரீட் உருளைகளைச் சேர்த்து அடித்தளம் கட்டினார்கள். மூன்று உருளைகள் சேரும் இடத்தில் ஒரு முக்கோண இடைவெளி வரும். அதற்குள் கடல்நீர் நிற்கும் என்பதால் சுற்றுச்சுவர் முழு நீரழுத்தத்தையும் தாங்க வேண்டும். கணக்குப் போட்டது நாஸ்ட்ரான் என்ற பேர்பெற்ற மென்பொருள். ஆனால் அந்த மூலையில் கொடுத்த மெஷ் பெரிதாகவும் கோணலாகவும் இருந்தது. சுவரில் வரும் ஷியர் விசை 47 சதவீதம் குறைவாக வந்தது. அதை நம்பிச் சுவரை மெல்லியதாகக் கட்டினார்கள், மூலையில் கம்பி கட்டியதிலும் குறை இருந்தது.

1991 ஆகஸ்ட் 23 அன்று, ஸ்டாவாங்கர் அருகே கடலில் அடித்தளத்தைச் சோதனைக்காக இறக்கிக்கொண்டிருந்தபோது ஒரு சுவர் பிளந்தது. மொத்தமும் மூழ்கி நொறுங்கியது. உயிர்ச்சேதம் இல்லை, நஷ்டம் சுமார் 70 கோடி டாலர். பிறகு அதே இடத்தைக் கவனமான மெஷ்ஷோடு மறுபடி கணக்கிட்டார்கள். 62 மீட்டர் ஆழத்தில் சுவர் உடையும் என்று விடை வந்தது. உடைந்தது 65 மீட்டரில்.