நகர்த்திப் பார்க்கும் கணக்கு

தமிழ்நாட்டு அரசின் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் பல பாடங்களின் கடைசியில் ‘இணையச் செயல்பாடு’ என்று ஒரு கட்டம் இருக்கும். ஒரு க்யூஆர் குறியீடு, ஓர் இணைய முகவரி, படிப்படியான செய்முறை, கூடவே சின்னதாகச் சில படங்கள். குறியீட்டைப் போனில் ஸ்கேன் செய்தால் ஜியோஜீப்ரா என்ற கணக்கு மென்பொருளின் பக்கம் திறக்கும். விரலால் இழுத்தால் வடிவம் மாறும். வடிவத்தோடு எண்ணும் மாறும். 2019இல் வந்த புத்தகம் இது. இழுத்தால் நகரும் இந்தப் படங்களை யார் செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை.

திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி. சனிக்கிழமை என்பதால் வகுப்பறைகள் பூட்டியிருந்தன. உயர்தொழில்நுட்ப ஆய்வகம் மட்டும் திறந்திருந்தது. சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து தங்கள் மாணவர்களுக்காக மூடில் என்ற மென்பொருளில் ஓர் இணையக் கற்றல் தளம் நடத்துகிறார்கள். பாடக்குறிப்பு, தேர்வு, வீட்டுப்பாடம் எல்லாம் அதில்தான். அந்தப் பக்கங்களுக்குள் இழுத்துப் பார்க்கிற படங்களைச் சேர்ப்பதுதான் அன்றைய வேலை. கணக்கு டீச்சர் ஒருவர், அறிவியல் டீச்சர் ஒருவர், பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து வந்த இளம் ஆசிரியர்கள் சிலர். கணினி மொழி தெரிந்தவர் என்று அந்த அறையில் ஒருவரும் இல்லை.

கணக்கு டீச்சர் ஜியோஜீப்ராவைத் திறந்து y = ax² + bx + c என்று தட்டினார். a, b, c மூன்றுக்கும் மூன்று ஸ்லைடர்கள் தானாகவே வந்து நின்றன. திரையில் ஒரு பரவளையம் விழுந்தது. இவ்வளவுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முடிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். “இனிமேதான் சார் வேலையே இருக்கு” என்றார்.

ஸ்லைடர் தானாக வரும்போது −5இலிருந்து 5 வரை போகும்; ஒவ்வொரு அசைவுக்கும் 0.1 கூடும். அவர் a-வை 1இலும் b-யை 4இலும் நிறுத்திவிட்டு c-யை மட்டும் மெல்ல நகர்த்தினார். வளைவரை மேலே ஏறியது. c சரியாக 4 ஆகும்போது அது x அச்சைத் தொட்டு நிற்கும், தன்மைகாட்டி (b² − 4ac) பூச்சியம், மூலங்கள் மெய், சமம். பாடத்தின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் போனில் கட்டைவிரலால் இழுக்கும் பிள்ளைக்கு 3.9இலிருந்து 4.1க்குத் தாவிவிடும். 3.9இல் நின்றாலோ, வளைவரை அச்சைத் தொடுவது போலவே கண்ணுக்குத் தெரியும். பக்கத்தில் டீச்சர் எழுதி வைத்த அறிவிப்பு மட்டும் ‘இரண்டு வெவ்வேறு மெய்யான மூலங்கள்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும். பிள்ளை எதை நம்புவது? டீச்சர் அமைப்புகளுக்குள் போய் 0.1ஐ 1 ஆக்கினார். இப்போது c ஒவ்வொரு முழு எண்ணிலும் நின்று நின்று போனது. 4இல் தொட்டது. 5இல் விலகி மேலே போனது.

அடுத்து a. இளம் ஆசிரியர் ஒருவர், “a பூச்சியம் ஆகக்கூடாதுல்ல டீச்சர், ஸ்லைடரை 1லேர்ந்து ஆரம்பிச்சிடலாமா?” என்று கேட்டார். a ≠ 0 என்று புத்தகத்திலேயே இருக்கிறது, நியாயமான கேள்விதான். டீச்சர் கொஞ்ச நேரம் யோசித்தார். “வேண்டாம், பூச்சியம் இருக்கட்டும். அது ஏன் ஆகக்கூடாதுன்னு பிள்ளைங்க கண்ணால பாக்கட்டும்” என்றபடி a-வை 0க்கு இழுத்தார். பரவளையம் நிமிர்ந்து நேர்கோடாகிவிட்டது. அச்சை ஒரே இடத்தில் வெட்டியது. ஆனால் அந்த அறிவிப்பு அப்போதும் ‘இரண்டு வெவ்வேறு மெய்யான மூலங்கள்’ என்றது. a பூச்சியமானால் b² − 4ac என்பது வெறும் b² ஆகிவிடும். அது மிகை எண். கணினிக்கு அவ்வளவுதான் தெரியும். அந்த வாக்கியம் எப்போது தோன்றவேண்டும் என்ற நிபந்தனையில் a ≠ 0 என்பதையும் சேர்த்தார். ‘இது இருபடிச் சமன்பாடு அல்ல’ என்று புதிதாக ஒரு வரி எழுதி, a = 0 ஆகும்போது மட்டும் அது தெரியும்படி வைத்தார். புத்தகம் ஒரு குறியீட்டில் சொல்லிவிட்டுப் போகிற விதியைப் பிள்ளை தன் விரலாலேயே மீறிப் பார்க்க இப்படி ஓர் இடம் கிடைத்தது. அன்று நான் பார்த்தவற்றில் என்னை மிகவும் ஈர்த்தது இதுதான்.

இந்தக் கைவேலைக்கு நிரல் தெரியவேண்டியதில்லை என்கிறார்கள். உண்மைதான். ஆனால் பிள்ளை எங்கே தடுக்கி விழும் என்று தெரியவேண்டும். அது பல வருடம் விடைத்தாள் திருத்தியவருக்குத்தான் தெரியும்.

முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 என்பது சின்ன வகுப்புப் பாடம். மூன்று புள்ளிகளை இணைத்து, கோணங்களை அளந்து காட்டச் சொன்னால் ஜியோஜீப்ரா உடனே காட்டிவிடும். முழு எண்ணாகக் காட்டு என்று வைத்தால்தான் தொல்லை. 70.4, 60.4, 49.2 என்ற கோணங்கள் திரையில் 70, 60, 49 ஆகின்றன, கூட்டினால் 179. “போன வருஷம் ஒரு பையன், ‘மிஸ், தேற்றம் தப்பு’ன்னு நோட்டுல எழுதிக் காமிச்சான். அவன் கூட்டுனது சரி சார்” என்றார் டீச்சர். தசம இடங்களை அதிகமாக்கினாலும் கடைசி இலக்கத்தில் இதே சங்கடம் எட்டிப்பார்க்கும். அதனால் எண்களை எடுத்துவிட்டு, மூன்று கோணங்களையும் மூன்று நிறத்தில் ஒரு நேர்கோட்டின் மேல் அடுக்கி வைத்திருக்கிறார். முக்கோணத்தை எப்படி இழுத்தாலும் மூன்று நிறமும் சேர்ந்து கோட்டை நிரப்பும். காகிதத்தில் கோணங்களைக் கிழித்து ஒட்டிக் காட்டுகிற பழைய வகுப்பறை முறைதான் இது. இதிலும் ஒரு கண்ணி உண்டு: ஒரு முனையை எதிர்ப்பக்கத்துக்கு இழுத்தால் 60 பாகைக் கோணம் திடீரென்று 300 என்று வெளிப்பக்கத்தை அளக்கும். கோணம் 0க்கும் 180க்கும் இடையில்தான் இருக்கவேண்டும் என்று அமைப்பில் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

அறிவியல் டீச்சர், இழுத்துப் போடும் பயிற்சிகள் செய்ய உதவும் ஹெச்5பி என்ற கருவியில் வேலை செய்துகொண்டிருந்தார். இதயத்தின் குறுக்குவெட்டுப் படத்தை ஏற்றி, அதன்மேல் பெட்டிகள் வரைந்து, பெயர்களை இழுத்து உரிய பெட்டியில் போடச் சொல்லும் பயிற்சி. தமிழ்ப் பெயர்கள் நீளமானவை. ‘இடது வெண்ட்ரிக்கிள்’ பெட்டியை விட்டு வெளியே வழிந்தது. எழுத்தைச் சிறிதாக்கினால் போனில் படிக்கமுடியாது. பெட்டியைப் பெரிதாக்கினால் இதயமே மறைந்துவிடும். கடைசியில் படத்தின் இருபுறமும் இடம் விட்டு, பெட்டிகளை வெளியே நிறுத்தி, கோடு போட்டு இணைத்தார். அதைவிடப் பெரிய வேலை தவறான விடைக்கான குறிப்பு எழுதுவது. படத்தில் நமக்கு இடப்பக்கம் தெரிவது உடலின் வலப்பக்கம். பிள்ளைகள் அதிகம் மாற்றிப் போடுவது இங்கேதான். ‘தவறு’ என்று மட்டும் வந்துகொண்டிருந்த இடத்தில், ‘எதிரே நிற்பவரின் இதயத்தைப் பார்க்கிறாய் என்று நினைத்துக்கொண்டு மறுபடி போடு’ என்று எழுதினார். அந்த ஒரு வரிக்காக அவர் பலமுறை அழித்து எழுதியதைப் பார்த்தேன்.

செய்து முடித்ததைத் தளத்தில் சேர்ப்பதுதான் இருப்பதிலேயே சுலபம். ஜியோஜீப்ராவில் பகிர்வதற்கான பொத்தானை அழுத்தினால் ஒரு துண்டு வரி கிடைக்கும். அதை நகலெடுத்து மூடில் பக்கத்தில் ஒட்டினால் படம் அங்கேயே உயிரோடு வந்து நிற்கும். ஹெச்5பி-க்கு அதுவும் வேண்டாம். 2020இல் வந்த மூடில் 3.9 பதிப்பிலிருந்து மூடிலுக்குள்ளேயே அதைத் தயாரித்து வைத்துக்கொள்ளலாம். இந்தக் கருவிகள் எல்லாம் கல்விக்காகவே பிறந்தவை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கிய மூடில் 2002இல் வெளிவந்தது. அதே காலத்தில்தான் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் தன் முதுகலை ஆய்வுக்காக ஜியோஜீப்ராவைச் செய்தார். ஹெச்5பி நார்வேயிலிருந்து வந்தது. எங்கோ ஓர் ஆசிரியர் செய்து பொதுவில் வைத்த ஜியோஜீப்ரா தாளை நகலெடுத்து, தமிழில் மாற்றி, நம் பாடத்துக்கு ஏற்ப வெட்டிச் சேர்க்கலாம்; அந்த அறையில் பாதி வேலை அப்படித்தான் நடந்தது.

ஆனால் இவை நிலைக்குமா என்ற கவலையும் அவர்களுக்கு இருக்கிறது. ஃபிளாஷில் செய்த பாடங்கள் ஒரு காலத்தில் பள்ளிகளில் எவ்வளவு ஓடின! 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அடோபி அதற்கான ஆதரவை நிறுத்தியது, உலாவிகளும் கைவிட்டன. அதோடு அந்த உழைப்பு அத்தனையும் உலாவியில் திறக்கமுடியாத கோப்புகளாகிவிட்டது. அதனால் இங்கே ஒவ்வொரு பாடத்தையும் செய்து முடித்த கையோடு பதிவிறக்கி, ஆய்வகக் கணினியில் ஒரு பிரதி, பென் டிரைவில் ஒரு பிரதி வைத்துக்கொள்கிறார்கள். இணையம் வராத நாளில் அந்த ஜியோஜீப்ரா பிரதிதான் வகுப்பில் ஓடுகிறது.

மதியம் விடுதிப் பிள்ளைகள் சிலரை அழைத்து, செய்து முடித்த படங்களைத் தந்து பார்த்தார்கள். ஒரு மாணவி பரவளையப் படத்தில் c-யை 4இல் நிறுத்திவிட்டு b-யை நகர்த்தினாள். b −4க்குப் போனதும் வளைவரை அச்சின் மறுபக்கத்தில் போய்த் தொட்டது. “மிஸ், இங்கயும் தொடுது!” டீச்சர் பதில் சொல்லவில்லை, “ஏன்னு எழுதிட்டு வா” என்று ஒரு தாளை நீட்டினார். கூட்டல் 4, கழித்தல் 4 இரண்டின் வர்க்கமும் 16 என்று அவளே எழுதிக்கொண்டு வந்தாள்.

பாடப்புத்தகத்தின் இறுதியில் அதை உருவாக்கிய குழுவின் பெயர்கள் இருக்கும். பள்ளி அளவில் இப்படிச் செய்பவர்களுக்கு அந்தப் பக்கம் இல்லை. நேரமும் இல்லை, வாரம் முழுக்க வகுப்பு, பதிவேடு, பயிற்சிக் கூட்டம் போக மிஞ்சுகிற விடுமுறை நாளில்தான் இந்த வேலை நடக்கிறது. கல்வித் துறை இதைப் பொழுதுபோக்கு என்று நினைக்காமல் பாடத் தயாரிப்பு என்று ஏற்று, வாரத்துக்கு இரண்டு பாடவேளையாவது ஒதுக்கித் தரவேண்டும். செய்தவர் பெயரைப் பாடத்தின் அடியில் போடவேண்டும். உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இன்று மாலை பத்து நிமிடம் உங்கள் போனைக் கொடுங்கள். கணக்குப் புத்தகத்தின் ‘இணையச் செயல்பாடு’ கட்டத்தில் உள்ள குறியீட்டை ஸ்கேன் செய்யச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ஒருமுறை நகர்த்திப் பாருங்கள்.