பாசிக்குடாவில் மூன்று நாள்

இலங்கைத் தேசப்படத்தை எடுத்து, மட்டக்களப்பு நகரிலிருந்து கரையோரமாக வடக்கு நோக்கி விரலை நகர்த்திச் சென்றால், ஏறக்குறைய 35 கிலோமீற்றர் தொலைவில் பிறைபோல வளைந்த ஒரு குடாவைக் காணலாம். அதுவே பாசிக்குடா. முழங்காலளவு நீரில் நெடுந்தூரம் நடந்து செல்லலாம் என்பது இக்கடலின் தனிச் சிறப்பு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கொழும்புப் பக்கத்துக் கடல் கொந்தளித்துக் கிடக்க, கிழக்குக் கரையிலுள்ள இக்கடலோ கோயிற் குளம்போல அடங்கியிருக்கும்.

சென்ற இரண்டாந் தவணை விடுமுறையில், பதின்மூன்று வயதான என் மகளும் நானும் அங்கே மூன்று நாள் தங்கி வந்தோம். இது நானாகத் தேடிச் சென்ற பயணமன்று. ஒரு கல்லூரி ஆசிரியனின் சம்பளத்தில் அத்தகைய விடுதியின் வாயிலை மிதிப்பது எளிதோ? கனடாவில் வாழும் என் தமக்கையார், குடும்பத்துடன் வந்து தங்கவென்று முன்னரே பணங் கட்டியிருந்தார். அத்தானுக்குத் திடீரென உடல்நலங் குன்றியதால் அவர்களால் வர இயலவில்லை. “கட்டிய காசு திரும்பாது, நீயாவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ” என்றார். மனைவி தம் தாயாருக்குத் துணையாக வீட்டிலே நின்றுவிட, நாங்கள் இருவரும் புறப்பட்டோம்.

கடதாசி ஆலையால் பெயர்பெற்ற வாழைச்சேனையிற் பேருந்தைவிட்டு இறங்கி, ஓட்டோவில் விடுதியை அடைந்தோம். இக்கரையில் 1970களிலும் உல்லாசப் பயண விடுதிகள் இருந்தன. 1978ஆம் ஆண்டுச் சூறாவளியும், பின்வந்த போரும், 2004 டிசெம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலையும் இக்கரையைச் சிதைத்தன. 2009இல் போர் ஓய்ந்தபின் எழுந்தவையே இன்று வரிசையாக நிற்கும் புதிய மாளிகைகள்.

உள்ளே நுழைந்ததும் எங்கள் மணிக்கட்டில் நீலநிறப் பட்டியொன்றைக் கட்டிவிட்டார்கள். அதை அணிந்தவர் எதை உண்டாலும், எதைக் குடித்தாலும், காசு கொடுக்க வேண்டியதில்லை. எல்லாம் முன்னரே செலுத்திய ஒரே கட்டணத்துள் அடங்கும். உணவு மண்டபத்தில் இடியப்பமும் சொதியும் ஒரு பக்கம். மேல்நாட்டுப் பாண் வகைகளும் பாற்கட்டியும் மறுபக்கம். நடுவே பழங்கள் மலைபோலக் குவிந்திருந்தன. மகள் கண்டதையெல்லாம் தட்டில் வைத்தாள். பாதியை உண்டு பாதியை விட்டாள். பணியாள் வந்து முகங்கோணாமல் அதை எடுத்துச் சென்றார். கண்டிக்க வாயெடுத்தேன், ஆயினும் விடுமுறை நாளில் பிள்ளையின் முகம் வாடுவானேன் என்று அடங்கிவிட்டேன்.

மூன்றாம் நாட் காலையிலே எங்கள் அறைச் சுவரில் எறும்புகள் சாரை சாரையாக ஊர்ந்தன. மகள் அவற்றைப் பின்தொடர்ந்து சென்று அலுமாரியைத் திறந்தாள். எறும்புகள் என் பையினுள் இறங்கிக்கொண்டிருந்தன. அதற்குள், கைக்குட்டையிற் பொதிந்தபடி, காய்ந்து இறுகிய நான்கு பணிஸ்கள் இருந்தன.

“இஞ்சைதான் எந்த நேரமும் சாப்பாடு இருக்கே, அப்பா. ஏன் ஒளிச்சு வைச்சிருக்கிறீங்கள்?” என்று கேட்டாள்.

வாசகர்களே, இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் வினாக்களுக்கு விடை கூறிவந்தவன் யான். அக்கணம் என் நாவெழவில்லை. ஒவ்வொரு வேளையும் மேசையைவிட்டு எழும்போது என் கை தானாகவே ஒரு பணிஸைச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தது. அதை நானே முழுவதும் உணர்ந்திருக்கவில்லை. “வா, கடலுக்குப் போவோம்” என்று மட்டும் சொன்னேன்.

நீரில் நடக்கத் தொடங்கினோம். கரையிலுள்ளோர் சிறு புள்ளிகளாகத் தோன்றும்வரை நடந்தும் நீர் என் இடுப்புக்கு ஏறவில்லை. அங்கே நின்றுதான் அவளுக்குச் சொன்னேன்.

1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. ஜாம் போத்தலின் அடியில் எண்ணெய் நனைத்த பஞ்சை வைத்துத் திரியிட்ட விளக்கிலேதான் நாங்கள் படித்தோம். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு, கொட்டும் மழையில், வலிகாமத்து மக்கள் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். எனக்கு அப்போது பதினான்கு வயது. வழியிலே அம்மா அரை இறாத்தல் பாணை நான்காகப் பிய்த்தார். ஐயாவுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. நாலாவதைத் தாம் உண்ணாமல், “நாளைக்கு இருக்கட்டும்” என்று சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். மறுநாள் அதனையும் வாங்கி உண்டவன் நானே. “நீங்கள் சாப்பிட்டீர்களா அம்மா?” என்று கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை.

மகள் சிறிது நேரம் பேசாமல் நின்றாள். பின்பு, “மாமியும் அண்டைக்கு உங்களோடை நடந்தவவோ?” என்றாள். “ஓம்” என்றேன். “அப்ப அதுதான் மாமி இப்படியான இடத்தைப் பார்த்துக் காசு கட்டினவ போலை” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. என் தமக்கையாரின் தெரிவைப் பணமுள்ளோர் பகட்டென்றே மனத்துள் எண்ணியிருந்தேன். இவ்விதமான விடுதிமுறையின் வரலாற்றை நூலிற் படித்திருந்தும் அதன் பொருள் எனக்கு அதுவரை துலங்கவில்லை. பெல்ஜியம் நாட்டவரான ஜெரார்ட் பிளிட்ஸ் என்பார் 1950இல் ‘கிளப் மெடிடரேனே’யைத் தொடங்கி, மஜோர்க்காத் தீவின் அல்குடியாக் கடற்கரையில் முதல் விடுமுறைக் கிராமத்தை அமைத்தார். மாளிகையன்று, கூடாரங்களே அங்கிருந்தன. தங்குமிடம், உணவு, விளையாட்டு ஆகிய யாவற்றுக்கும் ஒரே கட்டணம். உலகப் போர் முடிந்து ஐந்தாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. இங்கிலாந்தில் உணவுப் பங்கீடு 1954வரை நீங்கவில்லை. அளந்து உண்டு வாழ்ந்த மக்களே அளவில்லாத விருந்தைக் கனவு கண்டிருக்கிறார்கள். பசி அறியாதவருக்கு அது வீண்செலவு; பசி அறிந்தவருக்கோ அது ஆறுதல்.

ஆயினும் ஒன்று. பிள்ளைகளுக்கு நிறைவைக் காட்டுகின்ற நாம், குறைவின் கதையையும் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் ஒளித்தால் அது பையினுள் வைத்த பணிஸைப்போலக் காய்ந்து இறுகிப்போகும். என்றோ ஒருநாள் எறும்புகள் அதனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அன்று மதியம் மகள் தட்டில் ஒரு பருக்கையும் எஞ்சவில்லை. நானும் வெறுங்கையுடன் மேசையைவிட்டு எழுந்தேன். பட்டிகளைக் கத்தரித்துவிட்டு, பணியாளர்களுக்கு நன்றி கூறிப் புறப்பட்டோம். பேருந்து வாழைச்சேனையைத் தாண்டியதும், மகள் தன் பையிலிருந்து கடதாசியிற் சுற்றிய ஒரு பணிஸை எடுத்து இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை என் கையில் வைத்தாள்.

“ஒளிச்சு எடுக்கேல்லை அப்பா, கேட்டுத்தான் வாங்கினனான்” என்றாள்.

வாங்கி உண்டேன். இம்முறை கேட்க மறக்கவில்லை: “நீ சாப்பிட்டியோ, பிள்ளை?”