24 நிமிஷத்தில் ஒரு நாள்

கம்ப்யூட்டர் விளையாட்டு என்றாலே, பிள்ளைகளைக் கெடுக்க வந்த பிசாசு என்று நினைக்கும் தாய்மார்கள் நம்மில் அநேகம். உங்களோடு வாதாட நான் வரவில்லை. அப்படிப்பட்ட விளையாட்டு ஒன்று எனக்கு என்ன கொடுத்தது என்பதை மட்டும் கொஞ்சம் கேளுங்கள்.

'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்' என்று அதற்குப் பெயர். 2004-ல் பிளேஸ்டேஷனுக்கும், 2005-ல் கம்ப்யூட்டருக்கும் வந்தது. அண்ணாவின் புண்ணியத்தில் எங்கள் திருவல்லிக்கேணி வீட்டுக்கு அது வந்து சேர்ந்தபோது எனக்கு வயசு 12.

கதை நடப்பது 1992-ல். கார்ல் ஜான்சன் என்ற வாலிபன் ஐந்து வருஷம் கழித்து, தாயாரின் சாவுக்காக ஊர் திரும்புகிறான். இதைக் கேட்ட எங்கள் பாட்டி, "அடப் பாவமே! கடைசி முகம் பார்க்கவாவது வந்தானே!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிற்பாடு அவன் செய்யும் அடிதடிகள் பாட்டியின் கண்ணில் படாதபடி அண்ணா சாமர்த்தியமாகக் கதவைச் சாத்திவிடுவான்!

லாஸ் ஏஞ்சல்ஸ், சான் பிரான்சிஸ்கோ, லாஸ் வேகாஸ் இவற்றை மாதிரியாக வைத்து மூன்று நகரங்கள். நடுவே வயல், காடு, பாலைவனம்; சிலியாட் என்று ஒரு பெரிய மலை. அண்ணாவுக்குக் கதையில் ஜெயிக்க வேண்டும். எனக்கோ ஒரு சைக்கிள் போதும். ஆரம்பத்தில் கார்ல் தன் தெருவுக்குப் போய்ச் சேருவதே சைக்கிளில்தான். அந்த ஊரில் ஒரு நாள் என்பது நமக்கு 24 நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை அண்ணா மனமிரங்கி அரை மணி கொடுத்தால், ஒரு சூரியோதயத்தையும் ஓர் அஸ்தமனத்தையும் சைக்கிளில் போய்க்கொண்டே பார்த்துவிடுவேன்.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? சொல்கிறேன். அந்த விளையாட்டில் முதலில் ஒரு நகரம்தான் நமக்குத் திறந்திருக்கும். எல்லையைத் தாண்டினால் போலீஸ் துரத்தும். கதை வளர வளர, அடைத்த பாலங்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும். என் விஷயமோ நேர்மாறு. பத்து வயசில் கடற்கரை வரை சைக்கிளில் போய் வந்தவள் நான். 13 வயசில் 'பெரியவளாகி'விட்டேன். தெருக்கோடிப் பிள்ளையார் கோயிலோடு என் எல்லை முடிந்தது. சைக்கிள் அத்தை பையனுக்குப் போயிற்று. யாரும் என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. பாலங்களை மட்டும் மூடினார்கள். சிலியாட் மலை உச்சியில் நின்று கீழே பார்த்தபோதெல்லாம், உலகம் இன்னும் பெரியதாகத்தான் இருக்கிறது என்று என் மனம் சமாதானம் அடைந்தது.

இப்போது என் மகளுக்கு வயசு 7. அந்த விளையாட்டைக் கொடுப்பேனா? மாட்டேன், அது பெரியவர்களுக்கென்றே வகுத்தது. ஆனால் போன மாதம் ஒரு சைக்கிள் வாங்கியிருக்கிறேன். அவளுக்கு 13 வயசு ஆகும்போது அது உயரம் பற்றாது. அப்போது அதைவிடப் பெரியதாக ஒன்று வாங்க வேண்டும்.