தண்ணி இறைக்காத சூடு

என்ர வலது கெண்டைக்காலில ஒரு தழும்பு இருக்கு. பத்து வயசில வோட்டர் பம்ப் சைலன்சர் சுட்டது. வெங்காயத் தறைக்கு அப்பா இறைக்க, நான் தண்ணி மாறிக்கொண்டு நிண்ட காலம். கலைப்பீடத்துப் பிள்ளை வெப்ப எஞ்சினைப் பற்றி எழுத வெளிக்கிட அந்தத் தழும்பைத் தவிர வேறு தகுதி இல்லை.

எங்கட மெசின் மண்ணெண்ணெயில ஓடுறது. பெற்றோலில ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மாத்த வேணும். அமுக்கம் கூடினால் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முந்தியே வெடித்து எஞ்சின் தட்டும். அதனால் இப்படியான எஞ்சின்களில் அமுக்க விகிதத்தைக் குறைத்தே வைப்பார்கள். அது குறைய வினைத்திறனும் குறையும். சாதாரண பெற்றோல் எஞ்சின் எரிபொருளின் சக்தியில் 25, 30 வீதத்தை வேலையாக்கும். டீசல் எஞ்சின் வெறும் காற்றை 15, 20 மடங்கு அமுக்கி அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கும். 40 வீதம் வரை போகும். எங்கட மெசின் பெற்றோலுக்கும் கீழ. மிச்சம் சைலன்சரால போச்சு. அதில கொஞ்சம் என்ர காலுக்கும்.

ஒரு எஞ்சினின் உச்ச வினைத்திறனை அதன் சூடான பக்கத்தினதும் குளிரான பக்கத்தினதும் வெப்பநிலைகளே தீர்மானிக்கும் என்பதற்கு வழிகாட்டிய புத்தகத்தை சாடி கார்னோ 1824இல் வெளியிட்டபோது அவருக்கு வயசு 28. அண்ணாவின்ர பௌதிகவியல் கொப்பியில இதையெல்லாம் வாசிச்சுப்போட்டு, 2022இல அப்பாவிட்டப் போனன்.

"டீசல் மெசின் ஒண்டு வாங்குவமப்பா. எண்ணெய் எவ்வளவு மிச்சம் பாருங்கோ."

"டீசல் எங்க பிள்ளை கிடக்கு?"

மோட்டார் சைக்கிளுக்கு கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல், அதுவும் கியூஆர் காட்டினால்தான் எண்ட காலம். எனக்குப் பேச்சில்லை. அப்பா தொண்ணூறுகளைக் கதைக்கத் தொடங்கினார். பொருளாதாரத் தடைக்குள்ள காபரேற்றருக்கு சொட்டுப் பெற்றோல் விட்டு, பிறகு மண்ணெண்ணெயில, புகை கக்கக் கக்க அப்பம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவராம். "அதுக்கு எத்தினை வீதம் போடுவாய்?" எண்டு கேட்டார். கோபமாக் கேக்கேல்லை, உண்மையாவே தெரிய வேணும் போலத்தான்.

ஆனால் எனக்கு இப்பவும் அந்தக் கணக்குப் பிழையெண்டு படேல்லை. அந்த ஓகஸ்டில மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில 340 ஆனது. அப்பா பாதித் தறையைக் காய விட்டார். அதே எண்ணெயில கூட இறைக்கிற மெசின் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சப் பாத்தி தப்பியிருக்கும். அதை நான் அவருக்குச் சொல்லேல்லை.

இப்ப கரண்ட் மோட்டர். சத்தமும் இல்லை, சுடவும் மாட்டுது. நிலக்கரி மின்நிலையங்களிலும் மூன்றிலொரு பங்குக்குக் கொஞ்சம் கூடத்தான் மின்சாரமாகும். எங்கட கிணத்தடிச் சூடு இப்ப நுரைச்சோலைக் கடலுக்குள்ள போகுது. பழைய மெசின் கொட்டிலுக்குள்ள சாக்கு மூடிக் கிடக்கு. மாசத்துக்கு ஒருக்கா அப்பா கயிறு சுத்தி இழுத்துப் பாக்கிறவர்.